சிகிஷ்வாரா: ருமேனியாவின் மலைக்கோட்டை ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருமேனியாவில் எந்த ஊர் பிடித்திருந்தது என்று யார் கேட்டாலும் சிகிஷ்வாரா என்றே சொல்லி வருகிறேன். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அடுத்தடுத்து எழுப்பும் ஐயங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைவிட அவற்றை ஓரிடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

ருமேனியாவின் நடுப்பகுதியில், டிரான்சில்வேனியா எனப்படும் மேட்டுநிலத்தில், முரேஷ் மாவட்டத்தில் இருக்கிறது. கார்பாத்திய மலைத்தொடர் கிழக்கிலும் தெற்கிலும் வில்லாக வளைந்து நிற்க, அந்த வளைவுக்கு உள்ளே குன்றுகளும் பள்ளத்தாக்குகளுமாக நிலம் அலையலையாகக் கிடக்கிறது. அப்படி ஒரு பள்ளத்தாக்கில் ஓடும் தர்னவா மாரே என்ற ஆற்றின் கரையில்தான் ஊர். 'மாரே' என்றால் பெரியது. சின்ன தர்னவாவும் உண்டு. இரண்டும் பிளாஜ் என்ற ஊரில் கூடி முரேஷ் ஆற்றிலும், அதன் வழியே திஸா ஆற்றிலும், கடைசியில் டான்யூபிலும் கலக்கின்றன. தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பிரஷோவ் நகரிலிருந்து 120 கிலோமீட்டர்.

பெயரில் வரும் 'கி' என்ற எழுத்தைச் 'சங்கிலி' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். அழுத்தம் 'ஷ்வா' என்ற இடத்தில் விழும். நம்மவர் பலர் 'சிகிசோரா' என்கிறார்கள். அப்படிச் சொன்னாலும் அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிறது.

ஒரே ஊருக்கு மூன்று பெயர்கள் போட்டிருக்கிறதே, எது சரி?

மூன்றும் சரி. ருமேனிய மொழியில் சிகிஷ்வாரா, ஜெர்மன் மொழியில் ஷெஸ்பூர்க், ஹங்கேரிய மொழியில் ஷெகெஷ்வார். டிரான்சில்வேனியாவின் பெரும்பாலான ஊர்களுக்கு இப்படி மூன்று பெயர்கள் உண்டு. மூன்று மக்கள் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்ததன் தடம் அது. 1280-ஆம் ஆண்டின் லத்தீன் ஆவணம் ஒன்று இவ்வூரை 'ஆறாம் கோட்டை' என்ற பொருளில் குறிப்பிடுகிறது. ஜெர்மன் பெயர் 1298-ஆம் ஆண்டு ஆவணத்தில் காணப்படுகிறது. ருமேனியப் பெயரை முதலில் எழுத்தில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் விளாட் திராகுல் என்பவர்; தெற்கே இருந்த வலாக்கியா என்ற சிற்றரசின் இளவரசர். அவரைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

அரசியல் வரலாறும் பெயர்களைப் போலவேதான். இப்பகுதி முதலில் ஹங்கேரிய அரசின் கீழ் இருந்தது. பிறகு ஒட்டோமான் சுல்தானுக்குக் கப்பம் கட்டிய தனிச் சிற்றரசானது. அதன் பின் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசவம்சத்தின் கைக்குச் சென்றது. முதல் உலகப் போர் முடிந்தபின் ருமேனியாவோடு இணைந்தது. 1920-ஆம் ஆண்டின் திரியானோன் உடன்படிக்கை அந்த இணைப்பை உறுதிசெய்தது.

சாக்சன்கள் கட்டிய ஊர் என்கிறார்கள். இங்கிலாந்தில் குடியேறிய அந்தச் சாக்சன்களா?

இல்லை. இவர்கள் வேறு. 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய மன்னர் இரண்டாம் கேஸா, தமது நாட்டின் எல்லையைக் காக்கவும் வெற்று நிலங்களைப் பண்படுத்தவும் மேற்கிலிருந்து குடியானவர்களையும் கைவினைஞர்களையும் அழைத்து வந்தார். அவர்களில் பெரும்பாலோர் ரைன், மோசெல் ஆற்றங்கரைகளையும் இன்றைய லக்சம்பர்க் பகுதியையும் சேர்ந்தவர்கள். அரசு ஆவணங்களின் லத்தீன் வழக்கில் 'சாக்சன்' என்ற பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தோடு கூட அவர்களுக்கு நேர்த் தொடர்பு இல்லை. அவர்களுடைய பேச்சுமொழி இன்றும் லக்சம்பர்க் மொழிக்கு வெகு நெருக்கமாக இருப்பதே இதற்குச் சான்று.

1224-இல் மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ அளித்த சாசனம் அவர்களுக்குத் தன்னாட்சி உரிமைகளைக் கொடுத்தது. நிலம், நீதிமன்றம், குருமாரைத் தேர்ந்தெடுப்பது ஆகிய எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பதிலுக்கு மன்னருக்கு வரியும் போர்வீரர்களும் கொடுத்தார்கள். டிரான்சில்வேனியாவை ஜெர்மன் மொழியில் 'ஏழு கோட்டைகள்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். வழக்கமாக எண்ணப்படும் அந்த ஏழு நகரங்களில் சிகிஷ்வாராவும் ஒன்று.

அவர்கள் வருவதற்கு முன் அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். ஊருக்கு அருகேயுள்ள வீட்டன்பெர்க் என்ற குன்றில் கிடைத்த மட்கலங்களின் பெயரால்தான் டிரான்சில்வேனியாவின் வெண்கலக் காலப் பண்பாடு ஒன்றையே தொல்லியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சுருளும் அலையுமாகக் கீறப்பட்ட அந்தக் கலங்கள் மிக அழகானவை. அதன் பின் இப்பகுதியின் பண்டைய மக்களான டேசியர்களும், ரோமானியப் படையினரும் இப்பகுதியில் தங்கியிருந்த தடயங்கள் உள்ளன. இப்போது நாம் பார்க்கும் ஊரின் அமைப்பு மட்டுமே சாக்சன்களுடையது.

கோட்டை என்றால் அரண்மனை இருக்குமே. எந்த ராஜா கட்டினார்?

எந்த அரசனும் கட்டவில்லை. இந்த ஊர் என் மனத்தில் இடம்பிடித்ததற்கு முதற்காரணமே இதுதான். கோட்டை என்றதும் அரசனைத் தேடுவது நம் வழக்கம். இங்கே கோட்டை என்பது மதில் சூழ்ந்த ஓர் ஊர். உள்ளே அரண்மனை கிடையாது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு சதுக்கம், தேவாலயங்கள், பள்ளி, பட்டறைகள் ஆகியவையே உண்டு. தையற்காரரும் கொல்லரும் தோல் பதனிடுவோரும் தங்கள் பணத்திலும் உழைப்பிலும் எழுப்பி, தாங்களே காவல் காத்த மதில் அது. 1367-ஆம் ஆண்டு ஆவணம் இவ்வூரை நகரம் என்ற தகுதியோடு குறிப்பிடுகிறது.

நில அமைப்பைக் கண்முன் கொண்டுவர வேண்டுமானால் மூன்று படிகளாக எண்ணிக்கொள்ளலாம். ஆற்றங்கரையில் தாழ்ந்த ஊர். அதற்கு மேலே குன்றின் தட்டையான தோளில் கோட்டை ஊர். அதற்கும் மேலே, கடல் மட்டத்திலிருந்து 429 மீட்டர் உயரத்தில், குன்றின் உச்சியில் ஒரு தேவாலயமும் கல்லறைத் தோட்டமும். மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 930 மீட்டர்தான். நிதானமாக நடந்தால் அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம்.

கோபுரங்களுக்குச் செருப்புத் தைப்போர், கயிறு திரிப்போர் என்றெல்லாம் ஏன் பெயர்?

கில்டு எனப்படும் கைவினைக் குழுக்கள் ஒவ்வொன்றும் மதிலின் ஒரு கோபுரத்தைக் கட்டிப் பராமரித்து, போர்க்காலத்தில் தன் ஆட்களைக் கொண்டு காக்க வேண்டும் என்பது ஊர் ஏற்பாடு. கில்டு என்பது ஒரு தொழிலின் தரம், விலை, பயிற்சி, கைம்பெண்களின் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய அமைப்பு. 1376-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, சிகிஷ்வாரா உள்ளிட்ட நான்கு சாக்சன் வட்டாரங்களில் 25 தொழில்களைச் சேர்ந்த 19 குழுக்களைக் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்துச் சிறு நகரங்களுக்கு இது வியக்கத்தக்க எண்ணிக்கை.

முன்பு 14 கோபுரங்கள் இருந்தன. இப்போது நிற்பவை 9: மணிக்கூண்டு, தோல் பதனிடுவோர், தகரக் கொல்லர், கயிறு திரிப்போர், இறைச்சி வெட்டுவோர், ரோமத்தோல் தைப்போர், தையற்காரர், செருப்புத் தைப்போர், இரும்புக் கொல்லர் கோபுரங்கள். இவற்றில் தகரக் கொல்லர் கோபுரத்தை நின்று பார்க்க வேண்டும். அடி சதுரம், அதன்மேல் ஐங்கோணம், அதற்கும் மேலே எண்கோணம் என்று வளர்ந்து, அறுகோணக் கூரையில் முடிகிறது. 1704-ஆம் ஆண்டு முற்றுகையில் பட்ட குண்டுகளின் வடுக்கள் அதன் சுவரில் இன்னும் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தன்னாட்சி சாக்சன்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ருமேனியர்கள் மதிலுக்கு வெளியே, ஊரின் ஓரங்களில்தான் வாழ முடிந்தது. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1781-இல் பிறப்பித்த ஆணைதான் மற்றவர்களும் சாக்சன் நகரங்களில் சொத்து வாங்கும் உரிமையைக் கொண்டுவந்தது.

மணிக்கூண்டில் பொம்மைகள் வந்து போகுமாமே, அவை என்ன?

கோட்டையின் தலைவாயிலுக்கு மேலே 64 மீட்டர் உயரத்துக்கு எழும் இந்த மணிக்கூண்டுதான் ஊரின் அடையாளம். அதை மட்டும் எந்தக் குழுவும் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. அது ஊருக்கே பொதுவானது. 1556 வரை நகர மன்றம் அதற்குள்தான் கூடியது. கூரையின் நான்கு மூலைகளிலும் உள்ள சிறு கூம்புகள், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம்கூட இந்த ஊர் மன்றத்துக்கு இருந்தது என்பதன் அறிகுறி. 1899 முதல் அது அருங்காட்சியகமாக இருக்கிறது. குறுகலான படிகளில் ஏறினால் மேல்மாடத்திலிருந்து சிவப்பு ஓட்டுக் கூரைகள் அனைத்தையும் பார்க்கலாம்.

கடிகாரத்தின் இருபுறமும் மரப்பாவைகள் உண்டு. கோட்டைப் பக்கம் அமைதியின் தேவதை, நீதி தேவதை, முரசறைபவர், பகலையும் இரவையும் குறிக்கும் உருவங்கள் ஆகியவை நிற்கின்றன. தாழ்ந்த ஊரை நோக்கிய பக்கத்தில் வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு பாவைகள். நள்ளிரவில் ஒன்று உள்ளே போக அடுத்தது வெளியே வரும். நம் வாசகர்களுக்கு இங்கே ஓர் எதிர்பாராத நெருக்கம் காத்திருக்கிறது. திங்களுக்கு நிலவின் தெய்வமான டயானா, அடுத்து செவ்வாய்க் கோளின் மார்ஸ், புதனுக்கு மெர்க்குரி, வியாழனுக்கு ஜூப்பிட்டர், வெள்ளிக்கு வீனஸ், சனிக்கு சாட்டர்ன், ஞாயிற்றுக்கு சூரியன். நம் நாள்களின் பெயர்களும் அதே ஏழு ஒளிகளின் வரிசைதான் என்பதால், அன்று என்ன கிழமை என்பதை யாருடைய விளக்கமும் இல்லாமல் ஒரு தமிழரால் அந்தக் கோபுரத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும்.

ஒரு படிக்கட்டுக்குப் போய்க் கூரை போட்டிருக்கிறார்கள். ஏன்?

குன்றின் உச்சியில் பள்ளிக்கூடம் இருந்தது; இன்றும் இருக்கிறது. பனியும் மழையும் நீளும் குளிர்காலத்தில் பிள்ளைகளும் தேவாலயத்துக்குப் போகும் முதியவர்களும் வழுக்கி விழாமல் ஏறுவதற்காக 1642-இல் மரக்கூரையோடு இந்தப் படிக்கட்டைக் கட்டினார்கள். மாணவர் படிகள் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் 300 படிகள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் சுருக்கப்பட்டு இப்போது சுமார் 175 படிகள் உள்ளன. நடுப்பகல் வெயிலிலும் உள்ளே மங்கலாகவே இருக்கும். பலகைகளின் இடுக்கில் ஒளி கீற்றுக் கீற்றாக விழும். ஒரு சிற்றூர் தன் பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்ட அக்கறைக்கு இதைவிட அழகான சான்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படிகள் முடியும் இடத்தில் உள்ள மலைத் தேவாலயம் புனித நிக்கோலாவின் பெயரால் அமைந்தது. 1345-க்கும் 1525-க்கும் இடையில் சிறிது சிறிதாக எழுந்த கோதிக் கட்டடம் அது. சுவரோவியங்களும், பீடத்துக்குக் கீழே நிலவறைக் கல்லறையும் உண்டு. மேலேயுள்ள பள்ளி இன்று யோசப் ஹால்ட்ரிஹ் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அங்கே ஆசிரியராக இருந்து, சாக்சன் மக்களின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1856-இல் வெளியிட்டவர்.

கிறித்தவத் தேவாலயத்தில் துருக்கிக் கம்பளங்கள் தொங்குவது எப்படி?

மணிக்கூண்டுக்கு அருகேயுள்ள மடாலயத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அது முதலில் டொமினிக்கன் துறவியருக்கு உரியதாக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் சாக்சன்கள் மொத்தமாக லூத்தரின் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தபோது துறவியர் வெளியேற, கட்டடம் லூத்தரன் தேவாலயமாயிற்று. மடாலய அறைகளுக்கு நகர மன்றம் குடிபெயர்ந்தது. மணிக்கூண்டு பற்றிய கேள்வியில் 1556 என்ற ஆண்டு வந்ததன் காரணம் இதுதான். அந்த மடாலயத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்துவிட்டு எழுப்பிய பெரிய கட்டடம்தான் இப்போதைய நகர மன்றம்.

கம்பளங்கள் வணிகத்தின் வழியே வந்தவை. ஒட்டோமான் நாடுகளுக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் இடையிலான சரக்குப் பாதையில் டிரான்சில்வேனிய நகரங்கள் இருந்தன. இன்றைய துருக்கியின் அனத்தோலியாவில் நெய்த கம்பளங்களை வாங்கிய வணிகரும் கைவினைக் குழுக்களும் அவற்றைத் தேவாலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். சுவரோவியங்களை வெள்ளையடித்துவிட்ட லூத்தரன் தேவாலயங்களின் வெறுமையான சுவர்களுக்கு, உருவம் எதுவும் இல்லாத அந்த வடிவங்கள் பொருத்தமான அணியாயின. அதே தேவாலயத்தில் 1440-ஆம் ஆண்டு வெண்கலத்தில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டியும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

டிராகுலா பிறந்த ஊர் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம் என்ற அளவில்தான் சொல்ல முடியும். வலாக்கியா என்ற தெற்கத்திய சிற்றரசின் அரியணைக்கு உரிமை கோரிய விளாட், 1431-இல் நியூரம்பெர்க்கில் ஹங்கேரிய மன்னர் சிகிஸ்மண்டின் டிராகன் வீரர் குழுவில் சேர்க்கப்பட்டார். அதனால் 'திராகுல்' என்ற பட்டப்பெயர் பெற்றார். எல்லைக் காவல் பொறுப்போடு அடுத்த சில ஆண்டுகள் சிகிஷ்வாராவில் தங்கினார். நாணயம் அடிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. டிராகுலா எனப்படும் அவருடைய மகன் மூன்றாம் விளாட் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பிறந்தார் என்பதால், பிறந்த இடம் இதுவே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். பிறப்பைப் பதிவுசெய்த அக்கால ஆவணம் எதுவும் இல்லை.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறச் சுவரோடு நிற்கும் வீட்டைத் திராகுல் வீடு என்று காட்டுவார்கள். இப்போது அது உணவகம். வாசலில் தொங்கும் டிராகன் உருவம் தந்தையின் பட்டப்பெயரைக் குறிப்பது.

அப்படியென்றால் அவர் இரத்தம் குடிக்கும் பேய் இல்லையா?

இல்லை. 'திராகுலேயா' என்றால் திராகுலின் மகன் என்றுதான் பொருள். மூன்றாம் விளாட் வலாக்கியாவை 1448, 1456 முதல் 1462 வரை, 1476 என மூன்று முறை ஆண்டவர். இளமையில் ஒட்டோமான் அரசவையில் பிணையாக வைக்கப்பட்டிருந்தவர். பின்னர் அதே ஒட்டோமான்களை எதிர்த்துப் போரிட்டவர். பகைவரையும் குற்றவாளிகளையும் கழுவேற்றியதால் 'செபெஷ்' என்ற பெயர் பெற்றார். அந்தச் சொல்லின் பொருளை விளக்கத் தமிழில் பாடுபட வேண்டியதில்லை. கழுவேற்றுபவர் என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. ருமேனியர்கள் பலர் அவரை நாட்டைக் காத்த கண்டிப்பான ஆட்சியாளராக மதிக்கிறார்கள்.

அவருடைய கொடூரங்களை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர்கள் டிரான்சில்வேனியச் சாக்சன்கள். பிரஷோவ் வணிகர்களோடு ஏற்பட்ட பகையில் அவர் சாக்சன் ஊர்களைத் தாக்கினார். அந்தச் செய்திகள் ஜெர்மன் மொழியில் கதைகளாகி, 1488 முதல் நியூரம்பெர்க் முதலிய நகரங்களில் துண்டு நூல்களாக அச்சாயின. நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் தம் நாவலின் இரத்தக் காட்டேரிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அவர் டிரான்சில்வேனியாவில் கால் வைத்ததே இல்லை. பிரஷோவுக்கு அருகேயுள்ள பிரான் கோட்டையை டிராகுலா கோட்டை என்று காட்டுவதும் சுற்றுலாவுக்காகச் செய்வதுதான்.

அங்கே டிராகுலா பூங்கா கட்டியிருக்கிறார்களா? டிக்கெட் எவ்வளவு?

கட்டவில்லை. 2001-இல் ருமேனிய அரசு அப்படி ஒரு கேளிக்கைப் பூங்காவை அறிவித்தது உண்மை. தேர்ந்தெடுத்த இடம் ஊருக்கு மேலேயுள்ள பிரைட்டே என்ற மேட்டுநிலம். அங்கே பல நூற்றாண்டு வயதுடைய ஓக் மரங்கள் புல்வெளியில் தனித்தனியே பரந்து நிற்கின்றன. சாக்சன் காலத்திலிருந்து ஆடுமாடுகள் மேய்ந்த பொது மேய்ச்சல் காடு அது. உள்ளூர் மக்கள், தேவாலயங்கள், இயற்கை ஆர்வலர்கள், வெளிநாட்டு மரபுக் காவலர்கள் என்று பலரும் எதிர்த்தார்கள். அப்போது இளவரசராக இருந்த பிரிட்டனின் சார்ல்ஸும் குரல் கொடுத்தார். அரசு பின்வாங்கி, புக்கரெஸ்டுக்கு அருகே இடம் மாற்றுவதாக அறிவித்தது, அங்கும் கட்டவில்லை.

பிரைட்டே இப்போது பாதுகாக்கப்பட்ட காடு. ஊரிலிருந்து நடந்தே போகலாம். உள்ளீடற்றுப் போன அடிமரத்தோடு, இன்னும் இலை விட்டு நிற்கும் அந்த ஓக் மரங்களுக்கு இடையே ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர் எவரும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

இவ்வளவு பழைய ஊர் அழியாமல் எப்படித் தப்பியது?

தப்பவில்லை; அழிந்து அழிந்து எழுந்தது. 1676 ஏப்ரல் 30 அன்று பிடித்த தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. தையற்காரர் கோபுரத்தில் சேமித்திருந்த வெடிமருந்து வெடித்தது. மணிக்கூண்டின் கூரை எரிந்தது. அடுத்த ஆண்டே மணிக்கூண்டுக்குப் புதிய கூரை எழுந்துவிட்டது. அதனால் கோட்டை ஊரின் வீடுகள் பலவும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் பழைய அடித்தளத்தின்மேல் மீண்டும் கட்டியவை. தெருக்களின் போக்கு, மதில், மலைத் தேவாலயம் போன்றவையே இடைக்காலத்தவை என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் வந்து ஊரைக் காலி செய்தது. 1970-இலும் 1975-இலும் தர்னவா பெருகித் தாழ்ந்த ஊரை மூழ்கடித்தது.

1999-இல் யுனெஸ்கோ இந்தக் கோட்டை ஊரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்புக்குக் காரணம் தனி ஒரு கட்டடம் இல்லை. கைவினைஞரும் வணிகரும் உருவாக்கிய சிறிய அரண் நகரம் ஒன்று முழுமையாக எஞ்சி நிற்பதே காரணம்.

ஹங்கேரியர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே, அவர்களுக்கு இங்கே என்ன?

அவர்களுடைய தேசியக் கவிஞர் ஷாந்தோர் பெத்தோஃபி 1849 ஜூலை 31 அன்று இவ்வூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்பெஷ்டி அருகே நடந்த போரில் மறைந்தார். ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்த ஹங்கேரியப் புரட்சிப் படை, போலந்துத் தளபதி யோசெஃப் பெம் தலைமையில் ரஷ்யப் படையோடு மோதித் தோற்ற நாள் அது. கவிஞருக்கு வயது 26. உடல் கிடைக்கவே இல்லை. அல்பெஷ்டியில் நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ராக்கெட்டுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ தொடர்பு என்றார்களே?

விண்வெளிப் பயண அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த் 1894-இல் சிபியு நகரில் பிறந்து, சிகிஷ்வாராவில் வளர்ந்தவர். தந்தை இங்கே மருத்துவர். சிறுவயதில் ஜூல் வெர்னின் நிலவுப் பயணக் கதைகளைப் படித்து, அதில் வரும் பீரங்கியால் மனிதர் உயிரோடு நிலவை அடைய முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ராக்கெட்தான் வழி என்ற முடிவுக்கு வந்தார். மேலே சொன்ன மலைப்பள்ளியில் படித்தவர் அவர். 1923-இல் வெளியான அவருடைய ராக்கெட் ஆய்வு நூல், பின்னாளில் நிலவுக்கு ராக்கெட் அனுப்பிய வெர்னர் ஃபான் பிரவுன் உள்ளிட்ட ஒரு தலைமுறையையே ஈர்த்தது. தாழ்ந்த ஊரின் சதுக்கம் ஒன்று ஓபெர்த் பெயரால் அழைக்கப்படுகிறது. டிராகுலாவைத் தேடி வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அந்தப் பெயர்ப்பலகையை நின்று படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாக்சன்கள் கட்டினார்கள் என்றால், அவர்கள் இப்போது எங்கே?

பெரும்பாலும் ஜெர்மனியில். 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட ஊரில் ஜெர்மானியரே பெரிய பிரிவினர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 ஜனவரியில், உழைக்கும் வயதிலிருந்த ருமேனிய ஜெர்மானியர் சுமார் 70,000 பேரைச் சோவியத் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. பிறகு வந்த பொதுவுடைமை ஆட்சி நிலங்களைப் பறித்தது. 1978 முதல் மேற்கு ஜெர்மனி, தலைக்கு இவ்வளவு என்று ருமேனியாவின் பொதுவுடைமை ஆட்சியாளர் சௌஷெஸ்குவின் அரசுக்குப் பணம் கொடுத்து, ஆண்டுக்குப் பல்லாயிரம் பேரை வெளியேற்றிக்கொண்டது. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்து எல்லை திறந்ததும், 1990 என்ற ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் ருமேனியாவை விட்டுச் சென்றார்கள்.

எண்ணூறு ஆண்டுகள் ஓரிடத்தில் வேரூன்றியிருந்த மக்கள் ஒரு கோடைக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இன்று சிகிஷ்வாராவில் சில நூறு சாக்சன்களே இருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 24,000. பெரும்பான்மையோர் ருமேனியர், ஹங்கேரியரும் ரோமா மக்களும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளனர்.

அப்படியானால் மேலே கோட்டைக்குள் யாரும் வசிக்கவில்லையா? வெறும் கண்காட்சிதானா?

வசிக்கிறார்கள். ஜன்னலில் ஜெரேனியம் பூந்தொட்டி, கயிற்றில் காயும் துணி, காலையில் மேலேறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஐரோப்பாவில் மக்கள் இன்னும் குடியிருக்கும் இடைக்காலக் கோட்டை ஊர்கள் மிகச் சிலவே என்பதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு. ஆனாலும் ஆண்டுதோறும் வீடுகள் விடுதிகளாக மாறிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். இது எனக்கு வருத்தம் தருகிறது. தங்குவதற்குத் தாழ்ந்த ஊரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். அங்கேதான் சந்தை, 1903-இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் ஆகியவை உள்ளன. ஆற்றுக்கு அக்கரையில், 1930-களில் எழுந்த வெள்ளையும் கறுப்புமான ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தையும் பார்க்கலாம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எப்போது போகலாம்?

பிரஷோவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புபவர்களே மிகுதி. அவர்கள் பார்ப்பது கூட்டத்தை மட்டுமே. குறைந்தது இரண்டு இரவுகள் தங்க வேண்டும். பகல் பேருந்துகள் போனபின்தான் உருளைக்கல் பாவிய தெருக்கள் ஊர்க்காரர்களிடம் திரும்பி வருகின்றன. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் இதமானவை. ஜூலை இறுதியில் இடைக்காலத் திருவிழா நடக்கும்போது அறை கிடைப்பது கடினம். புக்கரெஸ்டிலிருந்து பிரஷோவ் வழியாகக் குளூஜ் செல்லும் முதன்மை இருப்புப்பாதையில் ஊர் இருப்பதால் ரயிலிலேயே வந்து இறங்கலாம். ஐரோப்பிய நாடுகளிடையே எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஷெங்கன் பகுதியில் ருமேனியா இப்போது இருக்கிறது. நாணயம் மட்டும் யூரோ அல்ல, லேய்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் பியர்தான் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். மூன்று சுற்று மதிலுக்குள் நிற்கும் அதன் தேவாலயத்தில், ஒரே சாவியால் பத்தொன்பது தாழ்களை இயக்கும் பூட்டு உள்ள கதவு இருக்கிறது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்ற பூட்டு அது.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் ஆண்டில் பல வாரங்கள் இறைச்சி, பால், முட்டை விலக்கி நோன்பு இருப்பவர்கள். அதற்கான உணவை 'தே போஸ்த்' என்பார்கள். உணவகத்தில் இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் போதும். மக்காச்சோள மாவைக் களிபோல் கிண்டிய மமலீகா, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்துச் செய்த சக்கூஸ்கா, அவரை விதைக் கூழ் ஆகியவை எளிதில் கிடைக்கும்.

உச்சியில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாமா? பயமாக இருக்காதா?

போகலாம், போக வேண்டும். பயத்துக்கு அங்கே இடமில்லை. மலைத் தேவாலயத்தின் பின்னே குன்றின் சரிவில், மரங்களுக்கும் ஐவிக் கொடிகளுக்கும் நடுவே சாக்சன் குடும்பங்களின் கல்லறைகள் படிப்படியாக இறங்குகின்றன. கற்களில் ஜெர்மன் மொழியில் பெயரும் தொழிலும் செதுக்கியிருக்கிறார்கள். சில கற்களில் இறப்பு ஆண்டு செதுக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. தமக்கென்று இடம் குறித்து வைத்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

தோட்டத்தின் வாசலருகே நிற்பது கயிறு திரிப்போர் கோபுரம். ஒன்பது கோபுரங்களில் மனிதர் குடியிருப்பது அது ஒன்றில்தான். கல்லறைத் தோட்டக் காவலரின் வீடு அது. குளிர்கால மாலைகளில் அதன் சிறிய ஜன்னலில் விளக்கு எரிவதைக் கீழேயிருந்தே பார்க்கலாம்.